மைனஸ் 196 டிகிரியில் வரும் ரத்தம்: ஓர் உறைகுளிர் அனுப்புச் சேவையைப் பற்றி

வேலூரில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருக்கிறேன். வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் உறைந்த செல்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்க, சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் சேவையை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறோம். குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நான் ஆராய்வது ஃபான்கோனி அனீமியா என்னும் அரிய பரம்பரை நோய். டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் சேதத்தைச் சரிசெய்யும் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஒன்று பழுதானால் இந்நோய் வருகிறது. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் சிறுவயதிலேயே வற்றத் தொடங்குகின்றன. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத நம் பக்கத்தில் இதை அயல்நாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் ஒரு குழந்தையிடம் சில மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் கேட்க மனம் வராது. அதிலிருந்து பிரித்து உறையவைத்த செல்கள் இரண்டு அல்லது மூன்று குப்பிகளுக்குள் அடங்கிவிடும். (ஆய்வகத்தில் 'வயல்' என்போம், வீட்டில் அப்படிச் சொன்னபோது நஞ்சையா, புஞ்சையா என்று கேட்டார்கள்.) அந்தச் செல்களை மறுநிரலாக்கி, எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக்குவது என் வேலை. மரபணுப் பழுது திருத்தப்படாத ஃபான்கோனி செல்கள் அந்த மாற்றத்துக்கு எளிதில் இசைவதில்லை. ஆகவே உயிரோடு வந்துசேரும் ஒவ்வொரு செல்லும் கணக்கு.

இந்நிறுவனம் அனுப்பும் கலம், பார்வைக்குப் பழைய பால் கேனைப் போன்றது. 'டிரை ஷிப்பர்' என்பார்கள். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை உள்ளேயுள்ள நுண்துளைப் பொருள் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டபின், மிச்சத்தைக் கொட்டிவிட்டு அனுப்புகிறார்கள். சிந்த எதுவும் இல்லாமல், குளிர்ந்த ஆவி மட்டுமே குப்பிகளைச் சூழ்ந்திருக்கும். நிமிர்ந்த நிலையில் இருந்தால் பத்து நாள் வரை மைனஸ் 150-க்குக் கீழே தாங்கும். உலர்பனிக்கட்டியில் அனுப்பினால் செலவு மிகவும் குறையும்தான். ஆனால் அது மைனஸ் 78-இல் நின்றுவிடும். அந்த வெப்பநிலையில் செல்லுக்குள் பனிப்படிகங்கள் மெல்ல வளரும். ஆகவே கட்டணம் அதிகம் என்று நான் குறைசொல்ல மாட்டேன்.

கலத்தின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி. மழைக்காலத்தில் சென்னை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டவே அரைநாள் ஆன ஒரு முறைகூட, மூடியைத் திறந்ததும் வெண்ணாவி தரையில் வழிந்தது. வெப்பநிலையைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரில் கோடு ஏறாமல் நேராக இருந்தது. தாள்களும் ஒழுங்கு: நோயாளியின் பெயர் இல்லாமல் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

குறை, கடைசி நூற்றைம்பது கிலோமீட்டரில்தான். கத்திரி தொடங்கவிருந்த வாரம், தென்மாவட்டத்திலிருந்து ஒரு சிறுமியின் இரண்டு குப்பிகள் புறப்பட்டன. மே தின விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் அவை சென்னைக் கிடங்கில் தங்கி, ஆறாம் நாள்தான் வேலூரில் எங்கள் ஆய்வகம் இருக்கும் பாகாயம் வந்தன. வண்டியின் பின்கதவைத் திறந்தபோது கலம் இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கிடையே படுத்துக் கிடந்தது. ஓட்டுநர் அண்ணன் நல்ல மனிதர், "மேடம், நிக்கவெச்சா வளைவுல சாயுது, அதான் பத்திரமா படுக்கவெச்சேன். கிடங்குலயும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். படுக்கவைத்தால் நைட்ரஜன் பல மடங்கு வேகத்தில் ஆவியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கலத்தின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

லாகர் மைனஸ் 71 காட்டியது. அப்படியும் ஒரு குப்பியை 37 டிகிரி வெந்நீரில் ஆட்டி உருக்கி, டிரைபான் நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். அந்தச் சாயம் இறந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும். பார்த்த இடமெல்லாம் நீலம்; ஒரு மூலையில் ஏழெட்டு செல்கள் மட்டும் வெளிறி மினுங்கின.

நிறுவனம் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அனுப்புக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஒப்பந்தப்படி அவர்கள் பொறுப்பு அவ்வளவுதான். அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்து, "மறுபடியும் கொஞ்சம் ரத்தம் வேண்டும்" என்று சொல்வதற்கான விலை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்துக்குங்கம்மா" என்றார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிய ஊர் இது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளியானதும் இவ்வூரின் சி.எம்.சி.யிலிருந்துதான். அப்படியிருந்தும் இந்நிறுவனத்துக்கு வேலூரில் கலத்தை நிரப்பும் இடம் கிடையாது. காலிக் கலம் சென்னைக்குப் போய், ஒருநாள் முழுக்க ஊறித் திரும்ப வேண்டியிருக்கிறது.

வேறு நிறுவனத்துக்கு மாறவில்லை; இதைவிடச் சிறந்த கலம் எனக்குக் கிடைக்கவில்லை. பதிவுசெய்வோர் விடுமுறை வாரத்தைத் தவிருங்கள். சென்னையில் வண்டி மாற்றாமல் நேராக வரும் வாகனத்தைக் கூடுதல் பணம் கொடுத்தாவது கேளுங்கள். சாய்ந்தால் நிறம் மாறும் ஒட்டுவில்லையைக் கேட்டு வாங்கி ஒட்டச்சொல்லுங்கள். தமிழில் எச்சரிக்கை அச்சிடும்படி இருமுறை எழுதினேன். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு நிற்கிறது. அதனால் "நிமிர்த்தியே வைக்கவும், படுக்கவைத்தால் உள்ளே இருப்பது செத்துவிடும்" என்று எங்கள் ஆய்வக அச்சுப்பொறியிலேயே சிவப்பில் அச்சிட்டு, காலிக் கலம் திரும்பும்போது நான்கு பக்கமும் ஒட்டி அனுப்புகிறேன். அந்தச் சிறுமியிடம் இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தின் குப்பிகள் அந்தத் தாளோடுதான் வந்தன. ஓட்டுநர் அண்ணன் கலத்தை முன் இருக்கையில் நிறுத்தி, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.