பன்னிரண்டு வருடம் நின்ற புல்லட், மூன்றரை வருடம் ஓடிய பிறகு

அப்பாவின் 1987 மாடல் புல்லட் 350 ஸ்டாண்டர்டு, 2009 கார்த்திகையில் மாட்டுக்கொட்டகைக்குள் போனது. அவருக்கு முழங்கால் வலி, கிக்கர் அடிக்க முடியவில்லை. அறுப்புக்குள் சரியாகிவிடும் என்று மேலே நாலு உரச் சாக்கைப் போட்டு மூடினார். கால் சரியாகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, புதுக் கூரை போடும் வரை வண்டி மழையிலேயே கிடந்தது. 2022 தையில் அறுப்பு முடிந்து, களத்தில் வேலை ஓய்ந்த ஒரு மத்தியானம் நான் அந்தச் சாக்கை எடுத்தேன்.

வண்டியை எப்படிச் சரிசெய்தோம் என்பதைவிட, அதற்குப் பிறகு மூன்றரை வருடம், சுமார் 12,400 கிலோமீட்டர் ஓட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதத்தான் ஆசை. ஏனென்றால் நின்ற வண்டியின் கோளாறு நிற்கும்போது தெரிவதில்லை. ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

முதல் நாள் பார்த்தது இது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி வைக்கோல் கூடு கட்டியிருந்தது. சைலன்சர் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. கிக்கரை அமுக்கினால் ஏறி நிற்கலாம் போல அசையாமல் இருந்தது. மன்னார்குடியில் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கும் முன்பே சொன்னது: "தம்பி, கிக்கரத் தொடாதீங்க. பிளக்கக் கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி வையுங்க. அஞ்சு நாள் கழிச்சு வர்றேன்."

ஐந்தாம் நாள் வந்தார். டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினார். அவசரமே இல்லை, தொட்டில் ஆட்டுவது போல. கால் மணி நேரத்தில் பிஸ்டன் 'ச்சக்' என்று விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு நான் மட்டும் கிக்கரில் ஏறி மிதித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரின் உள்சுவரைக் கீறியிருக்கும்.

டேங்க் வேலை வீட்டிலேயே. எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு கை பழைய போல்ட்டுகளைப் போட்டு, மூன்று நாள் குலுக்கிக்கொண்டே இருந்தோம். வந்த தண்ணீர் காப்பி நிறம். பிறகு ஆப்பசோடாத் தண்ணீர் ஊற்றி அமிலத்தை முறித்து, வெயிலில் காயவைத்து, உடனே பெட்ரோலில் டூடி ஆயில் கலந்து உள்ளே சுற்றவிட்டோம். அந்த 'உடனே' முக்கியம். சுத்தமான இரும்பு ஒரே ராத்திரியில் மறுபடி துரு பிடித்துவிடும், அதுவும் நம் பக்கத்து ஈரக்காற்றில்.

இன்ஜினைப் பிரித்தபோது பெரியவர் எனக்கு ஒரு சின்னப் பொருளைக் காட்டினார். டைமிங் கவர் வழியாகக் கிராங்குக்கு ஆயில் போகும் இடத்தில் இருக்கும் சீல். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. தொட்டதும் அவர் விரலில் மாவாக உதிர்ந்தது. "இது போச்சுன்னா பிக் எண்டுக்கு (கிராங்கில் கனெக்டிங் ராடு மாட்டும் இடம்) ஆயில் போகாது. அம்பது ரூபா சாமான், அம்பதாயிரம் ரூபா இன்ஜின்" என்றார். வண்டி நிற்கும்போது ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்குக்குள் இறங்கிவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பழைய ஆயிலை முழுக்க இறக்கி, புதிது ஊற்றி, ஸ்டார்ட் செய்து, தலைப்பக்கம் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ஆயில் மேலே ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ராக்கர் மூடியை மூடினார்.

பெயின்ட் அடிக்கவில்லை. இதில் வீட்டில் எல்லாருக்கும் மனக்குறை. டேங்க் இரண்டு பக்கமும் அப்பாவின் கால்முட்டி பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. அது போய்விட்டால் யார் வண்டியோ ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. குரோம் பூசாமல் மிச்சப்படுத்திய பணத்தில் டயர், டியூப், பிரேக் லைனிங், எல்லாக் கேபிளும், முழு ஒயரிங்கும் புதிதாகப் போட்டேன். முதல் கட்டச் செலவு 61,000 ரூபாய். அதில் ஒரு ரூபாயும் வெளியே தெரியாது.

அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திருக்காமல் மே 24-லேயே திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம்தான் வண்டியும் ரோட்டுக்கு வந்தது.

ஆர்சி தனிக் கதை. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது 2012-லேயே காலாவதி. பழைய புத்தக ஆர்சி என்பதால் கம்ப்யூட்டரில் விவரமே ஏறியிருக்கவில்லை. முதலில் அதை ஏற்றி, பிறகு ஃபார்ம் 25, பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடைசியில் வண்டியை நேரில் காட்டுவது என்று நாலு மாதம் நடந்தேன். சேஸ் நம்பரைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். டிங்கர் வேலையில் அந்த எண்ணின் மேல் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட ஆரம்பித்த பிறகு. முதல் 800 கிலோமீட்டரில் முன் ஃபோர்க் ஆயில் சீல் விட்டது. 1,500-இல் கியர் பாக்ஸ் பக்கம் சொட்டு. 2,000 தாண்டியதும் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டு நியூட்ரல் விழாமல் படுத்தியது. பிரித்த அன்று எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த ரப்பரும் தக்கையும் சூடு பட்டு, அதிர்வு பட்டு, ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. சீல் என்று பெயருள்ள எதையும் முதலிலேயே மாற்றியிருந்தால் மூன்று முறை வண்டியைப் பிரித்திருக்க வேண்டாம்.

மறக்க முடியாதது 2023 தை மாத ராத்திரி. கொரடாச்சேரி தாண்டி வரும்போது, இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி இருமி இருமி நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும், இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நிற்கும். வயலில் இருந்து ஏறிய அறுவடை மிஷின் டிரைவர் ஒருவர் டார்ச்சோடு வந்தார். "அண்ணே, லைட்ட அணைச்சிட்டு அடிங்க" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இருட்டில் கிக்கர் அடித்தேன். மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பாயின்ட் முனைகளுக்கு நடுவே பளீர் பளீர் என்று நீலப் பொறி. பிளக்கில் வர வேண்டிய நெருப்பு இங்கேயே வீணாகிறது என்றால் இந்தப் பொறியை அடக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். அது மூன்று மாதம் முன்பு புதிதாக வாங்கியது. அதற்குப் பதில் வாங்கிய இன்னொன்றும் சூடானால் படுத்தது. கடைசியில் வண்டியோடு வந்த 1987 கண்டென்சரைத் துடைத்து மாட்டினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. சாமான் புதிது என்பதற்காகப் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் கழற்றிய எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டேங்க் பாதி காலியாக ஐப்பசி மழையில் இரண்டு வாரம் நின்றதில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் டேங்கை நிரப்பியே வைக்கிறேன். இரண்டு நாளுக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். ரப்பர் பெட்ரோல் டியூபை வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். அது உள்ளேயிருந்து ஊறிப் பிசுபிசுப்பாகிவிடுகிறது.

லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தருகிறது. ஐம்பதில் போனால் நாள் முழுக்கப் போகலாம், எழுபதில் கை மரத்துவிடும். டிரம் பிரேக்கை நம்பி பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. பிரேக் இடதுகாலில், கியர் வலதுகாலில் என்பதால் வேறு வண்டியிலிருந்து இதற்கு மாறும்போது முதல் கிலோமீட்டர் நிதானம் வேண்டும். இந்த மூன்றரை வருடத்தில் மேற்கொண்டு 27,000 ரூபாய் ஆகியிருக்கிறது. தினமும் வேலைக்குப் போக ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். வீட்டில் நிற்கிறது, விற்கவும் மனசில்லை என்பவருக்கு, இன்றைக்கே பிளக்கைக் கழற்றி ஆயில் ஊற்றுங்கள் என்பேன்.

அப்பாவுக்கு இப்போது 74. வாரம் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து வயலுக்கு வருவார். கிக்கர் அடிக்கும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். சாவியைப் போட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. காலுக்கு வலியே இல்லை.

போன மாதம் நான் வண்டியை வாசலில் ஓடவிட்டுக் கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து, "நாலு அடிக்கு ஒரு அடி விட்டு விழுதுடா, எக்ஸாஸ்ட் பக்கம் பாரு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் ஆறியதும் டேப்பட் மூடியின் ஒற்றை நட்டைக் கழற்றிப் பார்த்தேன். மேலும் கீழும் ஆடாமல், இரண்டு விரலால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டிய, வால்வைத் திறக்கும் புஷ் ராடு, எக்ஸாஸ்ட் பக்கத்தில் இறுகி நின்றது. தளர்த்திச் சரிசெய்து ஸ்டார்ட் செய்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பேப்பரைப் புரட்டினார்.