முதல் பாய்மரப் படகு விடுமுறை: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளா, கிரெனடீன்ஸா?

கரீபியன் கடலில் ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, இரவில் படகிலேயே தங்கித் தீவு தீவாகச் சுற்ற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் படகிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். எத்தனை படுக்கையறை, எத்தனை குளியலறை, ஏசி உண்டா என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து முன்பணமும் கட்டிய பிறகே, அந்தப் படகு எந்தக் கடலில் ஓடப்போகிறது என்ற கேள்விக்கு வருகிறார்கள். இந்த வரிசை மாற வேண்டும். படகைச் செலுத்தப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்தத் தீவுக்கூட்டம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும். படகின் வகையும் அறைகளின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை.

முதல் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு இடங்களுக்கு நடுவே தயங்குவதையே அதிகம் காண்கிறேன். ஒன்று, வடக்கே உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். மற்றொன்று, தெற்கே செயின்ட் வின்சென்ட்டிலிருந்து கிரெனடா வரை நீளும் கிரெனடீன்ஸ் தீவுச்சரம். புகைப்படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதே வெண்மணல், அதே பச்சை கலந்த நீலம். காற்றும் ஏறத்தாழ ஒன்றுதான்: கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, பருவத்தின் பெரும்பாலான நாட்களில் 15 முதல் 20 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் இருக்கும். வேறுபாடு முழுவதும் அலையிலும், ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் இடையே உள்ள திறந்த கடலிலும் இருக்கிறது.

வர்ஜின் தீவுகளில் டோர்ட்டோலா வடக்கே நீண்டு கிடக்கிறது; தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் ஆகிய சிறு தீவுகள் அதற்கு எதிரே வரிசையாக நிற்கின்றன. நடுவே உள்ள சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய்க்குள் அட்லாண்டிக்கின் பேரலை அவ்வளவாக நுழைவதில்லை என்பதால், பாய்க்கு வேண்டிய காற்று முழுதாகக் கிடைக்கும்போதும் கடல் அடங்கியே இருக்கிறது. அடுத்த தீவு எப்போதும் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தங்குமிடங்களே அதிகம். விதிவிலக்கு அனெகாடா: வர்ஜின் கோர்டா தீவின் வடகோடியிலிருந்து சுமார் 13 கடல் மைல் தொலைவில், எட்டரை மீட்டருக்குமேல் உயராத தட்டையான பவளத் தீவு. அருகில் செல்லும்வரை கண்ணுக்கே தட்டுப்படாத அந்தத் தீவைச் சுற்றி ஹார்ஸ்ஷூ பவளத்திட்டு பரந்து கிடக்கிறது; எத்தனையோ கப்பல்களை உடைத்த இடம் என்பதால், புதியவர்களை அங்கே அனுப்பச் சில வாடகை நிறுவனங்கள் தயங்குகின்றன.

நங்கூரமிடும் கலையில் இன்னும் தேறாதவர்களுக்கு வர்ஜின் தீவுகள் தரும் பெரிய உதவி கட்டுமிதவைகள்தான். பெரும்பாலான விரிகுடாக்களில் கடலடியில் நிலையாகப் பதித்த மிதவைகள் வரிசையாக உள்ளன. காற்றை நேர் எதிரே வைத்து மெதுவாக நெருங்க வேண்டும். முன்பக்கத்தில் கொக்கிக் கழியுடன் நிற்பவர் மிதவை இருக்கும் திசையையும் தூரத்தையும் கையால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனெனில் கடைசிச் சில மீட்டரில் சுக்கான் பிடித்திருப்பவருக்கு அது தெரியாது. மிதவையின் கயிற்று வளையத்தைத் தூக்கியதும், படகின் கயிற்றை அதனுள் நுழைத்து மறுமுனையையும் படகிலேயே கட்டிவிட வேண்டும். இரட்டையுடல் படகான கேட்டமரனாக இருந்தால் இரண்டு கயிறுகள் தேவை: இடது முனையிலிருந்து போகும் கயிறு வளையத்துக்குள் சென்று இடது முனைக்கே திரும்ப வேண்டும், வலதும் அவ்வாறே. ஒரே கயிற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டினால், படகு இரவு முழுவதும் ஊசலாட, கயிறு வளையத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். கட்டி முடித்ததும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் இறங்கி, மிதவையின் அடிச்சங்கிலியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தேசியப் பூங்கா மிதவைகளில் 90 நிமிடங்களுக்குமேல் நிற்கக் கூடாது. இரவுத் தங்கலுக்குக் கட்டண மிதவைகள் உண்டு. பருவக் காலத்தில் மதியத்துக்குள் நல்லவை நிரம்பிவிடும்.

அதுதான் அந்தக் கடலின் குறையும்கூட. எளிமையான இடம் என்பதால் எல்லோரும் அங்கே வருகிறார்கள். வர்ஜின் கோர்டாவின் தென்முனையில் கருங்கல் பாறைகள் குவிந்து குகைகளும் குளங்களுமாகக் கிடக்கும் ‘தி பாத்ஸ்’, 1867ஆம் ஆண்டுப் புயலில் சால்ட் தீவருகே மூழ்கிய ‘ரோன்’ அஞ்சல் கப்பலின் சிதைவு, யோஸ்ட் வான் டைக் தீவின் வெள்ளை விரிகுடா ஆகிய மூன்றும் பார்த்தே தீர வேண்டிய இடங்கள். ஆனால் அவற்றைத் தனிமையில் பார்க்கலாம் என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

கிரெனடீன்ஸ் வேறு வகையான கடல். செயின்ட் வின்சென்ட்டின் தென்கரையிலிருந்து பெக்கியா தீவுக்கு ஒன்பது கடல் மைல்தான் என்றாலும், நடுவே உள்ள கால்வாய் அட்லாண்டிக்குக்கு முழுவதுமாகத் திறந்திருக்கிறது. பக்கவாட்டில் உயர்ந்து வரும் நீளலையும், மேற்கு நோக்கித் தள்ளும் நீரோட்டமும், மலையின் முனையில் திடீரென்று வலுக்கும் காற்றும் ஒன்றுசேரும்போது, தெளிவான வானிலையிலும் முதல் அரைமணி நேரத்தில் பலருக்கு வயிறு கலங்கும். கட்டுமிதவைகள் குறைவு, இருப்பவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆகவே நங்கூரம் போடத் தெரிந்திருக்க வேண்டும். மணல் தெரியும் இடமாகத் தேர்ந்து, ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலியை விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இறுக்கி, பிறகு நீந்திச் சென்று நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று நேரில் பார்க்கத் தெரிந்தவர் ஒருவராவது படகில் வேண்டும்.

இத்தனையையும் ஏற்றுக்கொள்கிறவர்களுக்குக் கிடைப்பது என்ன என்றால், சுற்றுலாவுக்கென்றே அமைக்கப்படாத, தனக்கென ஒரு வாழ்வுள்ள தீவுகள். பெக்கியாவின் அட்மிரல்டி விரிகுடாவைச் சுற்றியுள்ள போர்ட் எலிசபெத் சிற்றூரில் படகு கட்டும் மரபு இன்றும் பேசப்படுகிறது. சிறுவர் கைக்கு அடங்கும் மாதிரிப் படகுகளை மரத்தில் செதுக்கி விற்கும் பட்டறைகள் சாலையோரம் உள்ளன. மேரோ தீவின் சால்ட்விசில் விரிகுடாவைத் தாண்டினால் டொபேகோ கேஸ். மனிதக் குடியிருப்பு இல்லாத ஐந்து சிறு தீவுகளும் அவற்றின் கிழக்கே அரணாக நிற்கும் ஒரு பவளத்திட்டும் சேர்ந்த கடற்பூங்கா அது. அந்தத் திட்டுக்கும் ஹார்ஸ்ஷூ என்றே பெயர். அங்கே நங்கூரமிட்டு நிற்கும்போது எதிரே ஆப்பிரிக்கா வரை நிலமே இல்லை. காற்று தடையின்றி முகத்தில் அறைகிறது, அலை மட்டும் பவளத்தில் உடைந்து நின்றுவிடுகிறது. பரடால் தீவருகே புல்மேயும் ஆமைகளைக் காண நீரில் முகத்தைப் புதைத்தாலே போதும். கரீபியனில் படகில் மட்டுமே முழுதாக அனுபவிக்கக்கூடிய ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் நான் டொபேகோ கேஸையே சொல்வேன்.

இங்கேதான் முதலில் சொன்ன கேள்வி முக்கியமாகிறது. மாலுமி இல்லாமல் படகை மட்டும் எடுப்பதைப் பேர்போட் என்பார்கள். இவ்விரு இடங்களிலும் வாடகை நிறுவனமே உங்கள் கடல் அனுபவக் குறிப்பைப் படித்துப் பார்த்து, படகை ஒப்படைக்கலாமா என்று முடிவெடுக்கிறது. பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. டே ஸ்கிப்பர், அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. 104 போன்ற படகு செலுத்தும் சான்றிதழ்கள் அந்தக் குறிப்புக்கு வலுச்சேர்க்கும். சந்தேகம் எழுந்தால் முதல் ஓரிரு நாட்களுக்கு உங்கள் செலவிலேயே ஒரு ஸ்கிப்பரை, அதாவது படகைச் செலுத்தும் தலைவரை, ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். உங்களில் ஒருவர் இந்தத் தகுதியுடன் தாமே படகைச் செலுத்தப்போகிறார், ஆனால் வேறு கடலில் பழகியவர் என்றால், வர்ஜின் தீவுகளே சரியான தேர்வு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அடங்கிய கடலும், குறுகிய தூரமும், மிதவைகளும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் எப்படியும் ஒரு ஸ்கிப்பருக்குப் பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், வர்ஜின் தீவுகளின் அந்த மேன்மை மறைந்துவிடுகிறது. எளிமைக்காக நெரிசலையும் கரையில் கூடுதல் விலையையும் பொறுத்துக்கொள்வதற்கு அதன்பின் காரணமில்லை. ஸ்கிப்பரின் நாட்கூலி பொதுவாக 200 டாலருக்குமேல்; அத்துடன் அவருக்குத் தனி அறையும் மூன்று வேளை உணவும் தர வேண்டும் என்பதைப் படகு தேர்வு செய்யும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். அந்தச் செலவுக்குக் கிரெனடீன்ஸில் கிடைக்கும் பயன் பெரிது: எந்த விரிகுடாவில் எந்தப் பக்கம் மணல், நண்பகல் வெயிலில் பவளத்தின் பழுப்பு நிறத்தை எப்படி இனங்காண்பது, படகருகே வந்து சிங்கி இறாலும் ரொட்டியும் ஐஸும் விற்பவர்களில் யாரிடம் வாங்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

சமையல்காரருடன் முழுப் பணியாளர் கொண்ட படகு மூன்றாவது வழி. அதில் விலைப்பட்டியலைப் படிக்கும் முறையே வேறு. உணவு, பானம், எரிபொருள் அனைத்தும் அடங்கிய ஒரே தொகை என்பது ஒரு வகை. படகின் வாடகை மட்டும் தனியாகவும், அதில் ஏறத்தாழ 25 முதல் 35 சதவீதம் வரை செலவுக்கான முன்பணமாகவும் வாங்குவது மற்றொரு வகை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டாவது மலிவாகத் தோன்றும், அது உண்மையல்ல. பணியாளருக்கு 15 முதல் 20 சதவீத அன்பளிப்பு வழக்கமும் இரண்டிலும் உண்டு.

இனி படகு. முதியவர்களும் சிறுவர்களும் வருகிறார்கள் என்றால் சாயாமல் செல்லும் கேட்டமரன் நல்லது. சமையலறையில் வைத்த பாத்திரம் வைத்த இடத்தில் நிற்கும். ஒற்றையுடல் படகு விலை குறைவு, எதிர்காற்றில் நன்றாக ஏறும், சுக்கானில் கடலை உணர்த்தும். வர்ஜின் தீவுகளில் எதைத் தேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. கிரெனடீன்ஸில் திசையைப் பார்க்க வேண்டும். செயின்ட் வின்சென்ட்டிலிருந்து தெற்கே இறங்கும்போது காற்று பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருந்து படகை இனிதாகக் கொண்டுசெல்லும். வடக்கே திரும்பும்போது அதே காற்றும் நீரோட்டமும் எதிராக நிற்கும், கேட்டமரன்கள் அங்கே திணறும். கூடுதல் கட்டணம் கேட்டாலும், செயின்ட் வின்சென்ட்டில் ஏறிக் கிரெனடாவில் இறங்கும் ஒருவழிப் பயணத்தையே பரிந்துரைப்பேன். அப்படிச் செல்கிறவர்கள் இரண்டு நாடுகளைக் கடக்கிறார்கள்: யூனியன் தீவின் கிளிப்டனில் வெளியேறும் முத்திரையும், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவில் நுழையும் முத்திரையும் வேண்டும். கரியாக்கூவுக்கும் கிரெனடாவுக்கும் இடையே கடலடியில் கிக்-எம்-ஜென்னி எரிமலை உள்ளது. அதைச் சுற்றி எப்போதும் ஒன்றரைக் கிலோமீட்டர் விலக்கு வட்டம் உண்டு, எச்சரிக்கை நிலை உயர்ந்தால் அது ஐந்து கிலோமீட்டராகும். புறப்படுமுன் அந்த நிலையை விசாரிப்பது கட்டாயம்.

வழிப்பயணமும் முடிவை மாற்றக்கூடும். சான் ஹுவான், செயின்ட் தாமஸ், மயாமி ஆகிய வழிகளில் வர்ஜின் தீவுகளுக்குச் செல்லும் இந்தியக் கடவுச்சீட்டாளர்களுக்கு அமெரிக்க விசா தேவை. இறங்காமல் மாறிச் செல்வதானாலும் அப்படியே. கிரெனடீன்ஸுக்கு பார்படோஸ் வழியாக அமெரிக்காவைத் தொடாமல் செல்லலாம். செயின்ட் வின்சென்ட்டிலேயே 2017 முதல் ஆர்கைல் பன்னாட்டு விமான நிலையம் இயங்குகிறது. நாணயம் வர்ஜின் தீவுகளில் அமெரிக்க டாலர். தெற்கே கிழக்குக் கரீபியன் டாலர், ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற நிலையான மதிப்பில்.

மார்ட்டினிக்கின் லெ மரின் துறையையும் சிலர் கேட்பார்கள். மிகப்பெரிய படகுத்துறை, நல்ல பிரெஞ்சு உணவு. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக அங்கே கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுடைய மசாலாவில் சமைத்த ‘கொலம்போ’ என்ற குழம்பும் அந்தத் தீவில் உண்டு. ஆனால் அங்கிருந்து செயின்ட் லூசியாவுக்கான கால்வாய் முரட்டுத்தனமானது. முதல் பயணத்துக்கு உரியதன்று.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை விலை உச்சம். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் காற்று பல நாட்கள் 25 நாட்டைத் தாண்டும், வர்ஜின் தீவுகளின் வடக்கு நோக்கிய விரிகுடாக்களில் குளிர்கால அலை புகுந்து ஆட்டும். மார்ச் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை இரண்டு இடங்களுக்கும் இனிமையான காலம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தெற்கே இருப்பதால் கிரெனடா பகுதி புயலுக்குத் தப்பும் என்று பலர் நம்பினார்கள். 2004இல் ஐவன் கிரெனடாவைத் தாக்கியது, 2024 ஜூலை 1 அன்று பெரில் கரியாக்கூவையும் யூனியன் தீவையும் நொறுக்கிச் சென்றது. வர்ஜின் தீவுகளை 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சிதைத்தது. தெற்கே செல்கிறவர்கள், எந்தத் துறையில் தண்ணீரும் எரிபொருளும் கிடைக்கின்றன என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தீவுகளின் கடைகளில் செலவிடும் பணம் மீண்டெழும் மக்களுக்கு நேரடியாகச் சேர்கிறது என்பது எனக்கு ஒரு கூடுதல் காரணம்.

படகை ஏற்கும் நாளில் எந்த இடமானாலும் அவசரம் கூடாது. வரைபட விளக்கத்தைப் படகைச் செலுத்துபவர் மட்டுமல்ல, இன்னொருவரும் கேட்க வேண்டும். நங்கூர மோட்டாரை இயக்கிப் பார்ப்பது, கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியின் எஞ்சினைச் சொந்தக் கையால் கிளப்பி, அதை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைச் சோதிப்பது, தண்ணீர்த் தொட்டி உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து டெபாசிட் படிவத்தில் குறிக்கச் செய்வது ஆகியவை முடியவே நண்பகல் தாண்டிவிடும். வர்ஜின் தீவுகளில் அதற்குப் பிறகும் கால்வாயைக் கடந்து கூப்பர் தீவிலோ நார்மன் தீவிலோ வெளிச்சம் இருக்கும்போதே மிதவையைப் பிடித்துவிடலாம். செயின்ட் வின்சென்ட்டில் அந்த இரவைப் படகுத்துறையிலேயே கழித்துவிட்டு, காலையில் பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டிக்கொண்டு பெக்கியா கால்வாயில் இறங்குவதே சரி. கடல் அடக்கமாக இருந்தால் சுருக்கிய பாயை நடுவழியில் அவிழ்ப்பது எளிது, விரித்த பாயை அந்த அலையில் சுருக்குவதுதான் கடினம்.