ஷிவர்: குளிரைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டிய ஓநாய்க் காதல்

மேகி ஸ்டீஃப்வாட்டர் எழுதிய ‘ஷிவர்’ 2009-ல் வந்த நாவல். ஓநாயாக மாறும் பையன், அவனைக் காதலிக்கும் பெண் என்று பின்னட்டையில் படித்ததுமே, இந்த மாதிரிக் கதைகள்தான் நிறைய வந்துவிட்டதே என்று கீழே வைத்துவிடத் தோன்றும். வைக்காதீர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் கண்டிப்பாக வைக்காதீர்கள், ஏனென்றால் இந்தக் கதையை நடத்துவதே குளிர்தான்.

வழக்கமாக இந்த வகைக் கதைகளில் பௌர்ணமி வந்தால் மனிதன் ஓநாயாவான். இங்கே நிலவுக்கு வேலையே இல்லை. குளிர் ஏறினால் ஓநாய், வெயில் வந்தால் மனிதன், அவ்வளவுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். கிரேஸ் சிறுமியாக இருக்கும்போது ஓநாய்கள் அவளைக் காட்டுக்குள் இழுத்துப் போகின்றன, மஞ்சள் கண் கொண்ட ஓர் ஓநாய் அவளைக் காப்பாற்றுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அவள் அந்த ஓநாயைத் தேடுகிறாள். 17 வயதில், துப்பாக்கிக் குண்டு பட்ட ஒரு பையன் அவள் வீட்டு வாசலில் கிடக்கிறான், அதே கண்களோடு. அவன்தான் சாம். வருடத்துக்கு வருடம் அவன் மனிதனாக இருக்கும் மாதங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, ஏதோ ஒரு வருடம் வெயில் வந்தாலும் திரும்பி வர முடியாது. இதுதான் கடைசி வருடம் என்று சாம் நம்புகிறான். காதல் தொடங்குவதோ குளிர் ஆரம்பிக்கும் நேரத்தில்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அன்றைய வெப்பநிலை போட்டிருக்கிறது. ஃபாரன்ஹீட் கணக்கு, 32 என்றால் நமக்குப் பூஜ்ஜியம், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அலங்காரத்துக்குப் போட்டது போலத்தான் தெரிந்தது. பாதிக் கதைக்கு அப்புறம், அத்தியாயம் திறந்தவுடன் என் கண் நேராக அந்த எண்ணுக்குத்தான் போனது, பத்து டிகிரி இறங்கியிருந்தால் வயிற்றைப் பிசைந்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் சூழல் வர்ணனையாகத் தெரியலாம். ஜனவரியில் தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதையும், உறைபனியில் தேயிலைக் கொழுந்து ஒரே ராத்திரியில் கருகுவதையும், பூங்காச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடிவைப்பதையும் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படி இல்லை. வெயில் இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் நமக்குப் பழக்கம். சாமுக்கு அது உயிர்ப் பிரச்சினை. திறந்து கிடக்கும் ஒரு ஜன்னல்கூடப் பயமுறுத்துகிறது.

நம் மலையில் ஓநாய் கிடையாது, முதுமலைப் பக்கம் செந்நாய்க் கூட்டம் உண்டு. ஆனால் வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்கும் ஊர் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி மாணவன் ஒருவனை ஓநாய்கள் தாக்கியதும் ஊரே துப்பாக்கியோடு கிளம்பும் பகுதியை ஸ்டீஃப்வாட்டர் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார். ஊருக்குள் கரடி வந்துவிட்டால் ஒரே நாளில் டீக்கடைப் பேச்சு எப்படித் திரும்பும் என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பயமும் கோபமும் உடனே புரியும்.

குறைகளும் உண்டு. கிரேஸின் அறையில் ஒரு பையன் நாள்கணக்காகத் தங்குகிறான், அப்பா அம்மாவுக்குத் தெரியவே இல்லையாம். எந்த வீட்டில் நடக்கும் இது? மகள் மேல் கவனமே இல்லாத பெற்றோர் என்று கதை பிறகு காரணம் சொல்கிறது, அந்த வலியும் உண்மையாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இவ்வளவு தூரம் நம்ப முடியவில்லை. கிரேஸும் சாமும் மாறி மாறிச் சொல்லும் கதை இது, ஆனால் சில இடங்களில் இரண்டு குரலும் ஒன்றாகிவிடுகிறது, யார் பேசுவது என்று மேலே போய்ப் பெயரைப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் இழுவை. கடைசியில் சாமைக் காப்பாற்ற அவர்கள் எடுக்கும் வழி (சொல்ல மாட்டேன்) கதையின் விதிக்குப் பொருந்துகிறது, மருத்துவமாகப் பார்த்தால் ஒட்டவில்லை.

சாம் எனக்கு மிகவும் பிடித்தான். மிரட்டுகிற, அதிகாரம் பண்ணுகிற காதலன் இல்லை. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதை படிப்பவன், பாட்டு எழுதுபவன், அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று நினைப்பவன். இந்த வயதுப் பெண்கள் படிக்கும் கதைகளில் இப்படி ஒரு பையன் வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆங்கிலம் எளிமைதான், பிளஸ் ஒன் படிப்பவர்கள் தடுமாறாமல் படிக்கலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். நெருக்கமான காட்சி உண்டு என்பது ஒரு பக்கம். சின்ன வயதில் சாமுக்கு அவனைப் பெற்றவர்களே செய்த கொடுமை வரும் பக்கங்கள் பெரியவர்களையே உலுக்கும்.

அடுத்த பாகங்களான ‘லிங்கர்’ 2010-லும் ‘ஃபார்எவர்’ 2011-லும் வந்தன. முதல் பாகத்தோடு நிறுத்தினாலும் ஏமாற்றம் இருக்காது. நான் தொடர்ந்து படித்ததற்குக் காரணம் இசபெல். முதல் பாகத்தில் வெடுக்கென்று பேசிக்கொண்டு ஓரமாக வந்துபோகிறவள், இரண்டாம் பாகத்தில் தானே கதை சொல்ல ஆரம்பிக்கிறாள்.