எட்டுப் பக்க விடுகதைப் புத்தகம்: கியூர்பிப் விடுமுறைப் பட்டறை எப்படி?

குளிர்கால விடுமுறையில் மொரிசியஸின் கியூர்பிப் ஊரில் ஒரு கோவில் மண்டபத்தில் நடந்த எழுத்து, ஓவியப் பட்டறை இது. மூன்று நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம். நாலாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு. தாளும் வண்ணமும் கட்டணத்திலேயே அடக்கம், கத்தரிக்கோல் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

மனதாரப் பாராட்ட வேண்டியது, எழுத்தை அவர்கள் தொடங்கிய இடத்தை. மொரிசியஸில் நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படித்தாலும் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல் மொழிதான். "கதை எழுது" என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே ஆசிரியை, கிரியோலில் விடுகதை போடும்போது அழைக்கிற மாதிரி, "சிராந்தான்!" என்று குரல் கொடுத்தார். மண்டபமே அதற்குரிய பதிலான "சாம்பெக்!" என்றது. "திலோ திபுத்?" நிற்கிற தண்ணீர்: கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர்: தேங்காய். நாவில் ஏற்கெனவே இருக்கிற விடுகதையைத் தமிழில் சொல்லிப் பார்த்ததும் பயம் போய்விடுகிறது.

பிறகு சொந்த விடுகதை, மூன்றே வரி. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காதுக்குக் கேட்பது ஒன்று, கைக்கோ நாக்குக்கோ படுவது ஒன்று. விடையின் பெயர் வரக்கூடாது. "காற்றடித்தால் சலசலக்கும், கடித்தால் இனிக்கும்" என்கிற அளவு போதும். மூன்று வரி என்பதால் ல, ள, ழ பிழைகளை ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து திருத்த நேரம் கிடைத்தது. முப்பது பேர் இருக்கும் வகுப்பறையில் இது நடக்காது.

புத்தகம் செய்யும் முறை எளிது. ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடித்துப் பிரித்து, நீளவாட்டு நடுமடிப்பில் நடுவிலுள்ள இரண்டு கட்ட அளவுக்கு மட்டும் வெட்டி, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் பசையும் தையலும் இல்லாமல் எட்டுப் பக்கம். பக்க எண்ணைத் தமிழ் எண்களில் போடச் சொன்னார்கள். மாதிரிக்கு நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்தார்கள். தினமும் கையில் புரளும் நோட்டில் தமிழ் எண் இருப்பதை அன்றுதான் பல பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள்.

குறைகளும் இங்கேதான் தொடங்குகின்றன. தாளை விரித்து வைத்தால் மேல் வரிசைக் கட்டங்கள் தலைகீழாக நிற்கும். எண் போடாமலே விரித்து எழுதியவர்களுக்குப் பாதிப் பக்கம் கவிழ்ந்துபோனது. முதலில் மடித்து, பென்சிலில் எண் போட்டு, அதற்குப் பிறகே பிரிக்க வேண்டும். விடுகதையை 2ஆம் பக்கத்திலும் விடையை 3ஆம் பக்கத்திலும் போட வைத்தது இன்னொரு தவறு. இரண்டும் எதிரெதிரே இருப்பதால் படம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். விடுகதை 3, 5, 7இல் வந்தால் விடை 4, 6, 8இல் வரும். தாளைப் புரட்டினால்தான் தெரியும், விடுகதையின் சுவையே அதுதானே. 2ஆம் பக்கத்தில் பெயர் எழுதலாம்.

தாளின் அளவும் போதாது. ஏ4இல் செய்தால் ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீட்டர். "ணை", "ஞொ" போன்ற அகலமான எழுத்துகளைச் சின்னக் கை எழுதும்போது ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லே கொள்ளும். ஏ3 எடுத்தால் பக்கம் 105க்கு 148 ஆகும், படத்துக்கும் இடம் கிடைக்கும். கொடுத்ததோ நகலெடுக்கும் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள். நீர்வண்ணம் பட்டதும் அலையலையாக நெளிந்தது. கியூர்பிப் ஈரத்தில் மதியம்வரை காயவும் இல்லை. 160 ஜி.எஸ்.எம். தாள் லேசான வண்ணத்தைத் தாங்கும். ஆனால் தடிமனானது என்பதால் மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிழுத்துவிட்டு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு வெடிக்கும்.

ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வரிகள் மேல் வண்ணம் பூசியதும் கரைந்தன. மூன்று நாள் உழைத்து எழுதிய வரி கரைவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. நீரில் கரையாத கறுப்பு மைப்பேனாதான் வேண்டும். துண்டுத்தாளில் கோடிழுத்து, இரண்டு நிமிடம் கழித்து ஈர விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும். ஆயில் பாஸ்டல் காய்வதே இல்லை, எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். பட்டர் பேப்பர் ஒன்றை நடுவில் வைக்கலாம்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புங்கள். நாலாம் வகுப்புக்கு, வெட்டும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பெயர் கொடுக்கும்போதே தாளின் அளவையும் பேனாவையும் கேட்டுவிடுங்கள். ஏ4தான் என்றால் ஏ3 தாள் இரண்டை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பலாம்.