ஏசிஎஸ்712 மின்னோட்ட சென்சார்: 5, 20, 30 ஆம்பியர் எது?

மூன்று மாட்யூலும் பார்வைக்கு ஒன்றுதான். பலகையை நம்ப வேண்டாம். சிப்பின் மேல் எழுத்தை லென்ஸில் பாருங்கள். 05பி என்றால் 5 ஆம்பியர், 20ஏ, 30ஏ என்றால் அதனதன் எண். கடைசி எழுத்து எதுவானாலும் மூன்றுமே இருதிசை மின்னோட்டத்தையும் அளக்கும்.

எழுத்து அழிந்திருந்தால் 5 வோல்ட் கொடுத்து, சுமையில்லாமல் அவுட்புட்டை அளந்துகொள்ளுங்கள்; 2.5 வோல்ட்டை ஒட்டி வரும். பிறகு மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து, சரியாக 1 ஆம்பியர் டிசி செலுத்துங்கள். மாற்றம் 185 மில்லிவோல்ட் என்றால் 5 ஆம்பியர் வகை; 100 என்றால் 20; 66 என்றால் 30. நிரலில் இந்த எண்ணைத் தவறாகப் போட்டால் அளவு மூன்று மடங்குவரை பிசகும்.

யூஎஸ்பி மின்சாரம் 4.7 வோல்ட்டுக்கு இறங்கினால் பூஜ்ஜியப் புள்ளியும் (சுமையில்லாதபோது வரும் அவுட்புட்) 2.35க்கு நகரும், உணர்திறனும் (ஒரு ஆம்பியருக்கு எத்தனை மில்லிவோல்ட் மாறுகிறது என்பது) குறையும். அருகில் காந்தமோ ரிலேயோ இருந்தாலும் அளவு தடுமாறும்.

சின்ன மோட்டார், எல்இடிக்கு 5 ஆம்பியர் வகையே சிறந்தது. 30 ஆம்பியர் வகையை வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கும் 10 பிட் ஆர்டுயினோ பலகையில் இணைத்தால் ஒரு படியே சுமார் 74 மில்லிஆம்பியர். சிறு சுமைக்கு அது உதவாது.