திடீர்ச் செயலிழப்பும் சிரோசிஸும்: மூளையின் வாசலில் யாருக்கு இடம்?

கல்லீரல் சில நாட்களில் திடீரெனச் செயலிழப்பது ஒன்று; அது நாட்பட்டுத் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் இன்னொன்று. இரண்டிலும் கெடுவது கல்லீரல்தான். இரண்டிலும் நோயாளி குழம்பி மயங்குகிறார். ஆனால் இரத்தத்தில் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களின் கணக்கு ஒன்றல்ல.

பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவருக்குச் சில நாட்களிலேயே கல்லீரல் செல்கள் மடிகின்றன. ஏறக்குறைய எல்லா அமினோ அமிலங்களும் இரத்தத்தில் எகிறுகின்றன. லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற கிளைச்சங்கிலி மூன்றும் மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

சிரோசிஸ் மெதுவானது, எனக்கு அதுவே சுவாரசியமானது. கல்லீரல் அகற்ற வேண்டிய நச்சுக் கழிவான அம்மோனியாவின் சுமை தசையின் மேல் விழ, அது அந்த மூன்றையும் செலவழித்துவிடுகிறது. பினைல்அலனின், டைரோசின் என்ற வேறு இரு அமினோ அமிலங்கள் கல்லீரலில் உடைபடாமல் தேங்குகின்றன. அந்த மூன்றுக்கும் இந்த இரண்டுக்குமான விகிதம் நலமானவரிடம் 3 அளவில் இருக்கும்; முற்றிய நோயில் அது 1-ஐ நெருங்குகிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம் என்று வடிகட்டும் இரத்த-மூளைத் தடுப்பில், இரு அணிக்கும் எல்ஏடி1 என்ற ஒரே கடத்திப் புரதம்தான். போட்டி குறைந்ததும் தேங்கியவை தாராளமாக நுழைகின்றன. போதாததற்கு, அம்மோனியாவால் மூளையில் பெருகிய குளூட்டமின் என்ற அமினோ அமிலம் வெளியேறும்போது, அதற்கு மாற்றாகவும் அவை உள்ளே வருகின்றன. இவை ஆக்டோபமின் போன்ற போலி நரம்புக்கடத்திகளாகி, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் உண்மையான பொருள்களின் இடத்தைப் பிடிக்கின்றன என்று 1971-இல் ஆய்வாளர்கள் பிஷரும் பால்டெசரினியும் முன்வைத்தனர். அழகான கருதுகோள்; முழு விளக்கமாக அது நிலைக்கவில்லை.

சிரோசிஸில் வாய்வழிக் கிளைச்சங்கிலிச் சத்து மூளைக் குழப்பத்தைக் குறைக்கிறது. இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திடீர்ச் செயலிழப்பில் இதற்கெல்லாம் அவகாசமே இல்லை. அங்கே குளூட்டமின் சேர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்கள்) நீரேறி மூளையே வீங்கும். சிலருக்கு மாற்றுக் கல்லீரல்தான் வழி.