ரேடியேட்டர் மாற்றவில்லை, பெயின்ட் அடித்திருந்தார்கள்: பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய ஜிப்சியோ ஜீப்போ வைத்திருந்து, நெடும்பயணத்துக்கு முன் ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியை விடும்போதே, கழற்றும் பழைய பாகம் ஒவ்வொன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

எங்களுடையது 1998 மாடல் ஜிப்சி. அரையாண்டு விடுமுறைக்கு அம்மா, மனைவி, மகளுடன் ஜெய்சல்மேர் போகிறோம், மணலில் ஓட்டப்போகிறோம் என்று தெளிவாகச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். ரேடியேட்டர் கோர் (இன்ஜின் தண்ணீர் ஓடிக் குளிரும் குழாய்த் தொகுதி) புதிது, கூலன்ட், முன்சக்கர ஹப் (அச்சைச் சக்கரத்தோடு பூட்டும் நடுப்பகுதி) இரண்டையும் பிரித்துக் கிரீஸ் வைத்தது என்று பில் போட்டு 18,500 ரூபாய் வாங்கினார்கள். பழைய கோரைக் கேட்டதற்கு, "பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் சார்" என்றார் உரிமையாளர். "பாலாற்று மணலில் இறக்கியே ஓட்டிப் பார்த்துவிட்டோம். நான்கு சக்கரமும் நன்றாக இழுக்கிறது, தைரியமாகப் போய் வாருங்கள்" என்றும் சொன்னார்.

நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும்; முன்சக்கரங்களுக்கு அங்கே வண்டியை இழுக்கும் வேலையே இல்லை. மணலில் நிலைமை தலைகீழ். லோ கியரில் இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும், வண்டியோ நடை வேகத்தில்தான் நகரும். அந்த நேரத்தில்தான் ரேடியேட்டரும் ஹப்பும் கைகொடுக்க வேண்டும்.

ஜெய்சல்மேரிலிருந்து கூரி கிராமத்தைத் தாண்டி, உள்ளூர்க்காரர் காட்டிய மண்பாதையில் போனோம். டயர் காற்றழுத்தத்தை 18 psi வரை இறக்கி, ஹப்பைப் பூட்டி, லிவரை நான்கு சக்கரத்துக்குப் போட்டேன். முதல் மேட்டிலேயே பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. கீழே இறங்கி நின்ற மகள்தான் சொன்னாள்: "அப்பா, முன்சக்கரம் சுற்றவே இல்லை." மணலைத் தோண்டித் தோண்டி முயன்றதில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. டிசம்பர் மாதக் குளிர்காலத்திலேயே இந்தக் கதி. மே மாதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் பதறுகிறது.

செல்போனில் சிக்னல் இல்லை. இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து மூடியைத் திறந்தால், கூலன்டின் நிறமே இல்லை. வெறும் துருத் தண்ணீர். குடிக்க வைத்திருந்த கேன்களை அதில் ஊற்றினோம். அம்மா மாத்திரை போட்டுக்கொள்ள ஒரு பாட்டிலை மட்டும் என் மனைவி எடுத்து ஒளித்து வைத்தாள். ஒரு வன்னி மரத்து நிழலில் அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் போய், பொழுது சாயும் நேரத்தில் டிராக்டரோடு ஆள் அனுப்பினார். இழுத்து விட்டவர்கள் டீசலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்தார்கள்.

ஜெய்சல்மேர் மெக்கானிக் பேசியதை, தனி வண்டியில் வந்து ஊரில் தங்கியிருந்த பேரணாம்பட்டு நண்பர் மொழிபெயர்த்தார். அவர் வீட்டில் உருது பேசுபவர். மெக்கானிக் ரேடியேட்டரை நகத்தால் சுரண்டினார். புதுக் கறுப்புப் பெயின்ட் உரிந்து, அடியில் பச்சைக் களிம்பு பிடித்த பழைய பித்தளை தெரிந்தது. குழாய்களில் பாதிக்கு மேல் அடைப்பு. பிறகு ஹப் மூடியைக் காட்டினார். போல்ட் தலைகளில் துரு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடயமே இல்லை. உள்ளே கிரீஸ் கட்டியாக இறுகி, வெளியே குமிழ் லாக் பக்கம் திரும்பினாலும் உள்ளே பற்கள் கவ்வவில்லை. எல்லாவற்றையும் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து கேட்டபோது, "பையன்கள் செய்திருப்பார்கள், எனக்குத் தெரியாது" என்றார் உரிமையாளர். வயதான அம்மாவையும் குழந்தையையும் அழைத்துப் போகிறேன் என்று அவரிடமேதானே சொன்னேன்! எனக்குக் கோபம் பணத்தைப் பற்றியதல்ல.

வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. பில் இல்லாவிட்டால் வாதம் நிற்பது கடினம், ஆகவே துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

வண்டியை எடுக்கும்போது ஹப் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கி, ஹப்பைப் பூட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே அச்சும் சேர்ந்து சுற்ற வேண்டும். அதற்கு மறுக்கிற ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.